கதவைக் கழட்டுவேன் என்றவர்

அத்தியாயம் ஒன்பது

எங்கள் வீட்டில் தினம் இரண்டு மூன்று கொலையாவது விழும்.

பாத்ரூம் விளக்கை அணைக்காமல் வந்தால் அம்மா என்னைக் கொன்றே போடுவாள். துணியை மடிக்காமல் விட்டால் தோலை உரித்துத் தொங்கவிடுவாள். அவளுக்குத் தலைவலி வந்தால் உள்ளே உட்கார்ந்து பத்துப் பேர் சம்மட்டி அடிப்பார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நீராவிக்கும் இயந்திரங்களுக்கும் நடுவே கத்திப் பேசியே காலம் தள்ளியவள். எதையும் சின்னதாகச் சொல்ல அவளுக்கு வராது. எனக்கும் அதே வாய்தான்.

அதனால்தான் நேற்றுச் சாயங்காலம் மாமா போனில் சொன்னதைக் கேட்டு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கதவு போடுவது அவர் தொழில். புதுக் கட்டடங்களுக்கு நிலை, கதவு, கீல், பூட்டு எல்லாம் அவர் கைதான். எங்கள் வாசல் கதவுகூட கல்யாணமான புதிதில் அவர் போட்டுக் கொடுத்தது. போன மாதம் அந்தக் கதவைத்தான் அக்கா தட்டினாள். கையில் ஒரு பை. மணிக்கட்டு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு நாள் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்டோம். "என் பேச்சைக் கேக்கலன்னா ரெண்டு நாள் இந்த ரூமை விட்டு வெளிய வர மாட்டன்னு சொன்னாரு. நான் கேக்கல" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

நேற்று அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். மாமாவின் குரலில் கோபமே இல்லை. கடைக்காரரிடம் ஆணி கேட்கிற குரல்.

"அத்தை, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அவளை அனுப்பிடுங்க. இல்லன்னா நான் போட்ட கதவை நானே கழட்டிட்டுப் போயிடுவேன். கதவில்லாத வீட்ல அவளால இருக்க முடியாது. அவளே நடந்து வருவா."

போனை வைத்துவிட்டார்.

"கதவையாமே!" என்றாள் அம்மா. "நல்லதாப் போச்சு, காத்து வரும்."

"ஜன்னலையும் சேர்த்துக் கழட்டச் சொல்லும்மா. தூசி தட்டணும்" என்றேன் நான்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரித்துப் பார்த்தே ரொம்ப நாளாகிறது. அதனால் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை அம்மா வேலைக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மூன்று தாழ்ப்பாள், எல்லாம் மாமா வைத்ததுதான்.

*

சாப்பாட்டு மணிக்கு முந்தைய பீரியடில் எனக்கு ஏழாம் வகுப்பு. பாடம், நேர்ப்பொருளும் அணிப்பொருளும்.

கரும்பலகையை நடுவே கோடு போட்டுப் பிரித்தேன். வீட்டில் காதில் விழுகிற வாக்கியங்களைச் சொல்லுங்கள் என்றேன். கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள்.

"தலைக்கு மேல வேலை இருக்கு!"

"உன்கிட்ட பேசிப் பேசியே என் வாய் தேஞ்சு போச்சு!"

"எங்க சித்தப்பா எப்பப் பாத்தாலும் கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டு நிப்பாரு டீச்சர்!"

"எங்க அக்கா கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரியறா!"

"அது நிஜம் டீச்சர், அவ ஸ்கேட்டிங் கிளாஸ் போறா!"

வகுப்பு உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். பாடப்புத்தகம் ஒரு வழி சொல்லிக் கொடுக்கிறது. வாக்கியம் சொல்வது உண்மையிலேயே நடக்குமா என்று கேட்டுப் பார். நடக்காதென்றால் அணிப்பொருள். வாய் தேயாது. வெந்நீரை ஊற்றிக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். கல்லூரியில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். புத்தகத்தில் அச்சடித்திருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள்.

ஜன்னலோர பெஞ்சிலிருந்து 'ஏன்' எழுந்தாள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர். ஆனால் ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவள் 'ஏன்'தான்.

"டீச்சர், 'காலை ஒடச்சிடுவேன்'னு சொன்னா? அது நடக்குமே?"

"யாரு சொன்னது?"

"எங்கம்மா. தினமும்."

"ஒடச்சிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப அது கோவத்துல பெருசு பண்ணிச் சொல்றது. மிகை. அணிப்பொருள் பக்கம் எழுது."

அவள் எழுதவில்லை. பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

"எங்க எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு டீச்சர். தெரு நாயைப் பார்த்து. கத்தக்கூட இல்ல. சொல்லிட்டு உள்ள போயி இரும்புக் கம்பி எடுத்துட்டு வந்தாரு."

வகுப்பில் சிரிப்பு நின்றுபோனது.

"அதை எந்தப் பக்கம் எழுதறது டீச்சர்? ரெண்டும் ஒரே வாக்கியம்தானே?"

எனக்குப் பதில் வாயருகே வந்துவிட்டது. சொல்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும், அவர் இதற்கு முன்னால் சொன்னதெல்லாம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். வாயைத் திறந்தேன். சாக்பீஸ் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

மாமா இதுவரை சொன்னதெல்லாம் என்ன ஆனது?

கல்யாணமான மறுவாரம், "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா. மாலைக்குள் இரும்பு பீரோவை இடம் மாற்றி, சாயாமல் இருக்கட்டும் என்று போல்ட் போட்டுச் சுவரோடு முடுக்கிவிட்டார். ஒரு தடவை, "ஒரு நிமிஷம் மாமா, வந்துடறேன்" என்று மாடியிலிருந்து கத்தினேன். இறங்கி வந்து பார்த்தால் வண்டி இல்லை. "ஒரு நிமிஷம் ஆச்சு, கிளம்பிட்டேன்" என்றார் போனில். எத்தனை தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு விளையாட்டுப் பேச்சே வராது என்று அம்மா அதைப் பெருமையாகக்கூடப் பேசுவாள். ரெண்டு நாள் வெளியே வர மாட்டாய் என்றார். ரெண்டு நாள் பூட்டி வைத்தார்.

அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தைக்கூட பெரிதுபடுத்திச் சொன்னதில்லை.

எங்கள் பேச்சை வைத்தே அவர் பேச்சுக்கும் பொருள் கொண்டிருக்கிறோம். அம்மா பேசுகிற மாதிரியே ஊர் முழுக்கப் பேசுகிறது என்று நினைத்துவிட்டோம்.

"டீச்சர்? எந்தப் பக்கம்?"

"நேர்ப்பொருள்" என்றேன். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன்.

*

அக்கா போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அம்மாவின் போன் சலவைக்கூடத்து லாக்கரில் கிடக்கும், வேலை நேரத்தில் கையில் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள்.

தலைமையாசிரியர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், வீட்டுக்குப் போகணும். அவசரம்."

"என்னம்மா ஆச்சு?"

"எங்க மாமா வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போகப் போறார்."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்தது. "கோவத்துல ஆம்பளைங்க ஆயிரம் சொல்வாங்கம்மா. நீயே மொழி டீச்சர். உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதாலதான் சார் கிளம்பறேன்."

லீவு கொடுத்தாரா இல்லையா என்று கேட்க நான் நிற்கவில்லை.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரசவ வலியோடு நின்று நின்று போனது. அக்கா தூங்கியிருப்பாள், போன் சார்ஜில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லும்போதே நம்பவில்லை. உள்ளங்கை வியர்த்து டிக்கெட் கூழாகிவிட்டது.

கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், சீக்கிரமா வந்துட்டீங்க? உங்க மாமா இப்பதான் இறங்கிப் போறாரு."

"என்ன சொன்னாரு?"

"ரிப்பேரான்னு கேட்டேன். 'கழட்டிட்டுப் போறேன்'னாரு. கதவு லிஃப்டுக்குள்ள நுழையல. ஒத்தை ஆளா படி வழியா இறக்க முடியுமா? நான்தான் ஒரு முனையைப் புடிச்சேன். இடுப்பு கழண்டு போச்சு போங்க." வேலையை நன்றாகச் செய்தவரின் சிரிப்பு சிரித்தார். "தங்கமான மனுஷன். டீ வாங்கிக் குடுத்தாரு."

லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. படி ஏறினேன். நாலாவது மாடி வளைவில் பழக்க தோஷத்தில் பையிலிருந்து சாவியை எடுத்திருக்கிறேன். சாவியை நீட்டிக்கொண்டு நின்றேன். நுழைக்க எதுவும் இல்லை.

நிலை மட்டும் இருந்தது. அதற்குள் எங்கள் வீடு அப்படியே தெரிந்தது. கொடியில் காயும் உள்பாவாடை, சுருட்டாத பாய், அம்மாவின் மாத்திரை டப்பா. மேல்மாடிக்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

உடைக்கவில்லை. கீறல்கூட இல்லை. வெளிப்பக்கக் கீலிலிருந்து எடுத்த திருகாணிகளை, பாலுக்காக வாசலுக்கு வெளியே வைக்கிற எங்கள் டம்ளரிலேயே போட்டு, செருப்பு ஸ்டாண்டு மேல் வைத்திருந்தார். உதிர்ந்த மரத்தூளைப் பெருக்கி ஓரமாகக் குவித்திருந்தார். அந்தக் குவியலைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. கோபத்தில் செய்கிறவன் பெருக்க மாட்டான்.

"அக்கா!"

பாத்ரூம் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே தாழ்ப்பாள் அது.

"அக்கா, நான்தான். போயிட்டாரு. திற."

"நீ மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

ரொம்ப நேரம் கழித்துத்தான் தாழ்ப்பாள் நகர்ந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள், பாவாடை முழுக்க நனைந்திருந்தது.

"உள்ள வந்தாரா?"

"வரல." பாவாடை நுனியைப் பிழிந்தாள். "கதவு மொத்தமா விலகினப்புறம் வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்னாரு. 'நான் இதைத் தாண்டி வர மாட்டேன். நீயா வருவ'ன்னாரு. அவ்வளவுதான். நான் ஓடி வந்து உள்ள புகுந்துட்டேன்."

"திட்டினாரா?"

"இல்ல. வேலை முடியற வரைக்கும் விசில் அடிச்சாரு."

*

போலீசுக்கு போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"என்னம்மா காணாம போச்சு?"

"கதவு. வீட்டு வாசக்கதவு."

"எடுத்தது யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"போட்டது?"

"அவரேதான்."

மறுமுனையில் அடக்கிய சிரிப்பு ஒன்று ஓடி மறைந்தது. "மிரட்டினாராம்மா?"

"'அவளே நடந்து வருவா'ன்னு சொன்னாரு."

"இதுல மிரட்டல் எங்கம்மா இருக்கு? பாசத்துல சொல்றாரு. புருஷன் பொண்டாட்டி விஷயம், காலையில வாங்க, கூப்பிட்டுப் பேசலாம்."

கொல்லுவேன் என்றால் கோபத்தில் சொன்னது. நடந்து வருவாள் என்றால் பாசத்தில் சொன்னது. எப்படிச் சொன்னால் இவர்களுக்கு மிரட்டலாகும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. உடைந்தால் வேறு வாங்க வழியில்லை என்பதால் மேஜைமேல் வைத்தேன்.

அம்மா வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சலவைக்கூடத்து நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலைக்கு வெளியே நின்றாள்.

"கதவு எங்கடி?"

என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிஜமாவேவா?"

"நீங்க சிரிச்சீங்க" என்றாள் அக்கா. குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. "எனக்கு நேத்தே தெரியும்மா. அவர் எதையும் பெருசா சொல்ல மாட்டாரு. அளவெடுத்துத்தான் சொல்வாரு."

பீரோவை நகர்த்தி வாசலை அடைக்கலாம் என்று நானும் அம்மாவும் தோள் கொடுத்துத் தள்ளினோம். அசையவில்லை. சுவரோடு முடுக்கியிருந்த போல்ட்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தன. போர்வையைக் கட்டினோம். படிக்கட்டுக் காற்றில் அது உப்பி உப்பி உள்ளே வந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கடைசியில் நானே அதை அவிழ்த்தெறிந்தேன்.

"என் கூட வேலை பாக்கிற டீச்சர் வீடு இருக்கு. வா, இப்பவே போயிடலாம்" என்றேன்.

"ஜன்னல் வழியா பாரு."

பார்த்தேன். நான் வந்தபோது இல்லாத மாமாவின் வேன் இப்போது தெருமுனையில் நின்றது. கூரைமேல் எங்கள் கதவு கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கதவில் ஒட்டியிருந்த எங்கள் வீட்டு எண் இங்கிருந்தே தெரிந்தது. டிரைவர் சீட்டில் ஓர் ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கீழ இறங்கினா அவரைத் தாண்டித்தான் போகணும்" என்றாள் அக்கா. "நானா நடந்து வந்ததா ஆயிடும்."

நான் ஜன்னலை விட்டு நகர்ந்தேன்.

தெருவிளக்குகள் எரிந்தன. அக்கா எழுந்தாள். மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். மடிப்புக் கலையாமல் அவள் அடுக்கிய நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

"நான் போனா கதவு வந்துடும்மா. போட்டுடுவாரு. சொன்னா செய்வாரு. நீங்க ரெண்டு பேரும் இப்படித் திறந்த வீட்ல எத்தனை நாள் இருப்பீங்க?"

"போனா என்ன பண்ணுவாரு?" என்றேன்.

அக்கா பை ஜிப்பை இழுத்தாள். "அதையும் சொல்லியிருக்காரு."

"என்னன்னு?"

வீக்கம் வடிந்த மணிக்கட்டை அவளுடைய இன்னொரு கை தடவிக்கொண்டே இருந்தது.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தினாள், சலவைக்கூடத்தில் கத்துகிற அதே குரலில். "போறதுன்னா என் பொணத்தைத் தாண்டித்தான்டி போகணும்!"

அக்காவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு. "சினிமாவுக்குப் போறேன்னாலே இதைத்தானேம்மா சொல்வ."

பையைத் தோளில் மாட்டினாள்.

அம்மா மூலையில் கிடந்த பாயை இழுத்து வந்தாள். கதவிருந்த இடத்தில், வாசப்படியை ஒட்டி உள்பக்கமாக, குறுக்காக விரித்தாள். நீலக் கோட்டோடு, வேலைச் செருப்போடு படுத்தாள். தலை ஒரு நிலைக்காலைத் தாண்டி நீண்டது, கால் இன்னொன்றை. இடைவெளி இல்லை. கைகளை மார்பின்மேல் வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"தாண்டு" என்றாள்.

அக்கா தாண்டவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள். பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். வேனின் டிரைவர் சீட் காலியாக இருந்தது.

நான் வாசப்படி தாண்டி வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நீயா வருவாய் என்றும் சொல்லியிருக்கிறார். இதுவரை சொன்னதில் ஒன்றுகூடத் தவறாத மனிதர். அக்கா போகாவிட்டால் இன்று இரண்டில் ஒன்று தவறியாக வேண்டும். எது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

லிஃப்டின் கம்பிகள் முனகின. முதல் மாடி. இரண்டாவது. மூன்றாவது. எங்கள் மாடியில் வந்து நின்றது. கிரில் கதவை இழுக்கும் சத்தம். அப்புறம், மெதுவாக, விசில்.

அக்காவின் விரல்கள் அம்மாவின் கோட்டை முறுக்கிப் பிடித்தன. அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"டீச்சரம்மா" என்றாள் என்னிடம். கத்தவில்லை. ஆணி கேட்கிற குரல். "லைட்டைப் போடு. குறுக்கப் படுத்திருக்கிறது யாருன்னு அவனுக்கு நல்லாத் தெரியட்டும்."